வேரிங்கின் வினாவும் வல்லத்துப் பிள்ளையும்

உங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆவடியில் வசிப்பவன். எங்கள் எண் 600054. இந்த எண்ணை முழு எண்களின் வர்க்கங்களாகப் பிரித்துக் கூட்டல் வடிவில் எழுத வேண்டும். வர்க்கங்களின் எண்ணிக்கை நான்கைத் தாண்டக் கூடாது. முடியுமா?

முடியும். 774-இன் வர்க்கம் 599076. மீதி 978. அதில் 31-இன் வர்க்கமாகிய 961 போனால் எஞ்சுவது 17. அது 16-ம் 1-ம் சேர்ந்தது. ஆகவே 600054 = 774² + 31² + 4² + 1². இன்னும் சற்றுத் தேடினால் மூன்று வர்க்கங்களே போதும் என்று தெரியவரும்: 773² + 50² + 5². உங்கள் ஊர் எதுவாயினும் சரி, நான்கு வர்க்கங்களுக்குள் அதன் எண் அடங்கிவிடும் என்று இப்போதே உறுதி கூறுகிறேன். அந்தத் துணிவு என்னுடையதன்று. 1770-ஆம் ஆண்டில் லக்ராஞ்சி என்னும் கணித மேதை எல்லா எண்களுக்கும் சேர்த்து இதை நிறுவிவிட்டார்.

மூன்றே எப்போதும் போதுமா? போதாது. எங்கள் எண்ணுக்கு அடுத்த எண்ணாகிய 600055-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு முயன்றாலும் இதை மூன்று வர்க்கங்களாக எழுத இயலாது. காரணம் மிக எளியது. எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்துப் பாருங்கள்; மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். இம்மூன்றிலிருந்து எப்படி மூன்றைப் பொறுக்கிக் கூட்டினாலும் (ஒன்றையே திரும்ப எடுத்தாலும்) 8-ஆல் வகுத்து 7 மீதி வராது. 600055-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் மீதியோ 7. ஆகவே நான்கு வேண்டும்: 774² + 31² + 3² + 3².

இங்கே என்ன நடந்தது என்று கவனியுங்கள். கணிப்பொறியைக் கொண்டு கோடி முயற்சிகள் செய்து தோற்ற பின் 'முடியாது போலும்' என்று நாம் சொல்லவில்லை. மீதிகளைப் பார்த்தோம், முடியவே முடியாது என்று கண்டோம். பல்கலைக்கழகங்களில் 'அடிப்படை எண் கோட்பாடு' என்ற பெயரில் கற்பிக்கப்படும் பாடத்தின் சுவை இதுதான். ஆனால் அந்தப் பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. 'அடிப்படை' என்பதற்கு 'எளிது' என்று பொருள் கொள்கிறார்கள். கணித அறிஞர்கள் இச்சொல்லை ஆள்வது வேறு பொருளில்: நுண்கணிதம், சிக்கலெண் சார்புகள் முதலிய வெளிக் கருவிகளை நாடாமல் முழு எண்களைக் கொண்டே முழு எண்களை ஆராய்வது. பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாகப் பரவியுள்ளன என்பது பற்றிய புகழ்பெற்ற தேற்றத்துக்கு அத்தகைய 'அடிப்படை' நிறுவல் கிடைத்தது 1949-இல்தான். செல்பெர்க், எர்டிஷ் என்னும் இரு பெரும் அறிஞர்கள் அதற்குத் தேவைப்பட்டனர்.

இப்பாடத்தைத் தமிழ்நாட்டின் கல்லூரியொன்றில் தொடங்கி உலகின் முன்வரிசைக்குக் கொண்டுசென்ற ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை. இராமானுஜனைப் பற்றித்தானே என்று நினைப்பீர்கள். அல்ல. அவருக்குப் பின் வந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகில் எஸ். எஸ். பிள்ளை.

வேரிங்கின் பட்டியல்

லக்ராஞ்சி நான்கு வர்க்கத் தேற்றத்தை நிறுவிய அதே 1770-இல், கேம்பிரிட்ஜில் எட்வர்டு வேரிங் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவியில் அப்போது இருந்தவர் அவர். எந்த எண்ணையும் எழுத 4 வர்க்கங்கள் போதும், 9 கனங்கள் போதும், 19 நாற்படிகள் போதும், இப்படியே மேலும் செல்லலாம் என்று அந்நூலில் எழுதினார். நிறுவல் ஏதும் தரவில்லை. இந்த 'இப்படியே மேலும்' என்பதில்தான் அடுத்த இருநூறு ஆண்டு வேலை மறைந்திருந்தது.

ஒரு குறிப்பிட்ட படிக்கு எத்தனை உறுப்புகள் எப்போதும் போதுமோ, அந்த மிகச் சிறிய எண்ணிக்கையை நம் வசதிக்காக 'வேரிங் எண்' என்று அழைப்போம். வர்க்கத்துக்கு வேரிங் எண் 4. கனத்துக்கு 9 என்பதை 1909-இல் வீபரிக் நிறுவினார். அதில் இருந்த ஓர் ஓட்டையை 1912-இல் கெம்ப்னர் அடைத்தார். எல்லாப் படிகளுக்கும் ஒரு வேரிங் எண் உண்டு என்று ஹில்பர்ட் 1909-இல் காட்டினார். உண்டு என்றாரே ஒழிய, எவ்வளவு என்று அவர் முறையால் சொல்ல முடியவில்லை. கிணற்றுக்கு அடி உண்டு என்று சொல்லிவிட்டு, கயிறு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை நம்மிடமே விட்டுவிட்டது போல.

எவ்வளவு குறைந்தபட்சம் வேண்டும் என்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தது. அதை நாமே கண்டுபிடிக்கலாம். ஆறாம் படியை எடுத்துக்கொள்வோம். 1-இன் ஆறாம் படி 1. 2-இன் ஆறாம் படி 64. 3-இன் ஆறாம் படி 729. இப்போது 703 என்ற எண்ணைப் பாருங்கள். அது 729-க்குக் குறைவு. ஆகவே 1-களையும் 64-களையும் மட்டுமே அதற்குப் பயன்படுத்த முடியும். 64-ஐ 11 தடவை எடுத்தால் 704 ஆகிவிடும். ஒன்று கூடுதல்! எனவே பத்து தடவைதான் எடுக்கலாம், 640 ஆயிற்று. எஞ்சிய 63-க்கும் ஒவ்வொன்றாக 1-களையே அடுக்க வேண்டும். 10-ம் 63-ம் சேர்ந்து 73. ஆக ஆறாம் படிக்கு வேரிங் எண் 73-க்குக் குறையாது.

இதே தந்திரத்தை மற்றப் படிகளுக்கும் செய்யலாம். கனத்துக்கு 23 என்ற எண் 9 கேட்கும். நாற்படிக்கு 79 என்ற எண் 19 கேட்கும். ஐந்தாம் படிக்கு 223 என்ற எண் 37 கேட்கும். பொது விதி இது: 3-இன் படியை 2-இன் அதே படியால் வகுத்து ஈவைக் காணுங்கள், அந்த ஈவோடு 2-இன் படியைக் கூட்டி 2-ஐக் கழியுங்கள். ஆறாம் படிக்கு 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11. 64 + 11 − 2 = 73. இதைக் கூறியவர் பெரிய ஆய்லரின் மகனாகிய ஜோகன் ஆல்பிரெக்ட் ஆய்லர்.

குறையாது என்பது இவ்வளவு எளிது. கூடாது என்பதுதான் மலை. 703-ஐப் போலச் சிறிய எண் 73 கேட்கிறது, சரி. ஆனால் எங்கோ முப்பது இலக்க எண்ணொன்று 74 கேட்காது என்பதற்கு என்ன உறுதி? முடிவின்றிச் செல்லும் எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாதல்லவா?

வல்லம், நாகர்கோவில், சென்னை

குற்றாலத்துக்கு அருகே உள்ள வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-ஆம் நாள் பிள்ளை பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். இன்று தென்காசி மாவட்டம். தாய் கோமதி அம்மாள் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் காலத்திலேயே மறைந்தார். தந்தை சுப்பையா பிள்ளை, மகன் பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது காலமானார். படிப்பு அத்துடன் நின்றிருக்க வேண்டியது. செங்கோட்டைப் பள்ளியில் அவருடைய கூர்மையைக் கண்டுகொண்டிருந்த சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பொருளுதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பிறகு 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவராகச் சென்னைக்கு வந்தார்.

அந்நாளில் எண் கோட்பாட்டில் நாட்டமுள்ள இளைஞனுக்குச் சென்னையை விட நல்ல ஊர் இந்தியாவில் இல்லை என்றே சொல்லலாம். மாநிலக் கல்லூரியில் கே. ஆனந்தராவ் பேராசிரியராக இருந்தார். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஆண்டுகளில் தாமும் அங்கே பயின்று, ஹார்டியின் வழிகாட்டலில் ஆராய்ந்து திரும்பியவர் அவர். பல்கலைக்கழகத்தில் ஆர். வைத்தியநாதசுவாமி இருந்தார். 1907-இல் வி. ராமசாமி ஐயர் என்ற துணை கலெக்டர் தொடங்கிய சங்கம் இந்தியக் கணிதச் சங்கமாக வளர்ந்திருந்தது. இராமானுஜனின் முதல் ஆய்வுரையை 1911-இல் வெளியிட்ட பெருமை அதன் சஞ்சிகைக்கு உண்டு.

ஆனந்தராவின் வழியாக மற்றொரு பெரிய கருவியும் சென்னைக்கு நெருக்கமாயிற்று. ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்காக ஹார்டியும் இராமானுஜனும் 1918-இல் ஒரு புதிய முறையை வகுத்தனர். 'வட்ட முறை' என்று அதற்குப் பெயர். 1920-களில் ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை வேரிங்கின் வினாவின் மீது ஏவினர். 1930-களில் ரஷ்ய அறிஞர் வினோகிராதவ் அதைக் கூர்தீட்டினார்.

வட்ட முறையை நான் இயற்பியல் மாணவர்களுக்குச் சொல்லும் விதத்தில் இங்கே சொல்கிறேன். கணித ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கீற்றணி ஒன்றின் வழியே ஒளி செல்லும்போது எண்ணற்ற சிற்றலைகள் கிளம்புகின்றன. பெரும்பாலான திசைகளில் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். சில திசைகளில் மட்டும் கைகோத்து ஒளிரும். ஆறாம் படி எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலையைக் கற்பித்துக்கொண்டு அவற்றைக் கூட்டினாலும் இதுவே நிகழ்கிறது. 1/2, 1/3, 2/3 போன்ற சிறிய பின்னங்களின் அருகே அலைகள் ஒன்றுசேரும். மற்ற இடங்களில் பெரும்பாலும் அழிந்துபோகும். ஒன்றுசேரும் பகுதியைக் கணக்கிட்டால், ஓர் எண்ணை எத்தனை வகையில் ஆறாம் படிகளாக எழுதலாம் என்பதற்கு மதிப்பீடு கிடைக்கும். அழியும் பகுதியிலிருந்து வரக்கூடிய பிழையை விட அம்மதிப்பீடு பெரிதானால், குறைந்தது ஒரு வகை உண்டு என்பது உறுதி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிறிது பிழை இருந்தால் குறித்து வைத்துவிட்டுப் போகிறோம். இங்கோ, பிழைக்கு மேல்வரம்பு கட்டுவதுதான் வேலை முழுவதும்.

இம்முறையின் குறை என்ன? 'போதுமான அளவு பெரிய எண்களுக்கு' என்றுதான் அது பேசும். அந்தப் 'போதுமான அளவு' எண்ணிப் பார்க்க முடியாத பெரிய எண்ணாக இருந்துவிடும். அதற்குக் கீழே உள்ளவற்றை வேறு வழியில் கடக்க வேண்டும்.

சிதம்பரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள்

1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே பிள்ளை அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை இருந்தார். அவருடைய சிறந்த ஆய்வுகள் பலவும் இக்காலத்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டமும் அவருக்குக் கிடைத்தது. புதிதாக எழுந்த ஒரு பல்கலைக்கழகம்; மேலைநாட்டு ஆய்வேடுகள் கப்பலில் வந்து சேர வேண்டிய காலம். எண் கோட்பாட்டில் தம்மையொத்த நாட்டமுடைய சௌலாவுடன் பல ஆண்டுகள் கடிதங்கள் மூலமே கணிதம் பேசினார்.

1936-இல் வேரிங்கின் வினாவுக்கு அவர் தந்த விடை வெளிவந்தது. ஆறுக்கு மேற்பட்ட படிகளுக்கெல்லாம், ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, ஆய்லர் மகனின் எண்ணே சரியான வேரிங் எண் என்று நிறுவினார். ஏழாம் படிக்கு 143. அதே சமயத்தில் சிகாகோவில் டிக்சன் என்ற மூத்த கணித அறிஞரும், இவருடைய வேலையை அறியாமலே, அதே முடிவை அடைந்தார். பிள்ளை தம் கட்டுரைகளில் சிலவற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். சிகாகோவின் வெளியீடுகள் உலகெங்கும் சென்ற அளவுக்குச் சிதம்பரத்தின் வெளியீடு செல்லவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்று நூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே கூறுகின்றன.

அந்த நிபந்தனை என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். ஏனெனில் அதுவே தனியொரு புதிர். 3-இன் படியை 2-இன் படியால் வகுத்தால் ஓர் ஈவும் ஒரு மீதியும் வரும். இவ்விரண்டின் கூட்டுத்தொகை 2-இன் படியை மீறக் கூடாது. அவ்வளவே. ஆறாம் படிக்கு ஈவு 11, மீதி 25, கூட்டினால் 36, 64-க்குள் அடங்கிவிட்டது. ஏழாம் படிக்கு 2187-ஐ 128-ஆல் வகுக்க ஈவு 17, மீதி 11, கூட்டினால் 28. இதுவும் அடங்கிற்று. எந்தப் படிக்கும் இது தவறாது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். தவறினாலும் முடிவுள்ள சில படிகளுக்கு மட்டுமே தவறும் என்று மாலர் 1957-இல் காட்டினார். 47,16,00,000-ஆவது படி வரை தவறவில்லை என்று 1990-இல் கணிப்பொறி கொண்டு சோதித்தனர். ஆனாலும் நிறுவல் இன்றுவரை கிடைக்கவில்லை. மூன்றை இரண்டால் வகுத்து, அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் தசமப் புள்ளிக்குப் பின் என்ன வரும் என்ற கேள்விதான் இது. பள்ளி மாணவன் கேட்கக்கூடிய கேள்வி. பதில் சொல்ல ஆளில்லை.

பெரிய படிகள் முடிந்தன; சிறிய படிகள் எஞ்சின. சிறியவை அல்லவா எளிதாக இருக்க வேண்டும் என்று தோன்றும். நேர்மாறு. பெரிய படிகளில் வேரிங் எண் மிக வேகமாகப் பெருகுகிறது. இருபதாம் படிக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு உறுப்புகளை வைத்துக்கொண்டு வட்ட முறை தாராளமாக வேலை செய்யலாம். ஆறாம் படிக்கு அனுமதி 73-தான். கையிருப்பு குறைவு, சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். பேரெண்களை வட்ட முறையால் கவனித்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள இடைவெளியை ஏணி வைத்து ஏறிக் கடக்க வேண்டும். ஏணி என்றால், ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லை வரை உள்ள எல்லா எண்களும் இத்தனை ஆறாம் படிகளால் ஆனவை என்று தெரிந்தால், ஒவ்வொன்றோடும் இன்னொரு ஆறாம் படியைச் சேர்த்து மேலும் பெரிய எல்லையை அடையலாம். ஒரு படிக்கட்டுக்கு ஓர் உறுப்பு செலவு. 73 தீர்வதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும்.

பிள்ளை போய்ச் சேர்ந்தார். ஆறாம் படிக்கு வேரிங் எண் 73-தான், கூடுதல் இல்லை என்று 1940-இல் நிறுவினார். இதில் அவருக்குப் பங்காளி இல்லை. மின்னணுக் கணிப்பொறிகள் பிறவாத காலத்தில் இதைச் செய்து முடித்தார் என்பதை நினைத்தால், என்னைப் போல நாற்பது விடைத்தாள் திருத்தியதும் களைத்துப்போகும் ஆசிரியர்களுக்குச் சற்றே வெட்கமாக இருக்கிறது.

பதினேழு எண்கள்

பிள்ளையின் எல்லா ஆய்வுகளும் இவ்வளவு கனமானவை அல்ல. அதே 1940-இல் அவர் வெளியிடத் தொடங்கிய இன்னொரு தொடரை, பள்ளி மாணவரும் பின்தொடரலாம்.

அடுத்தடுத்து வரும் ஐந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஓர் எண்ணாவது மற்ற நான்கோடும் பொதுக் காரணி ஏதும் (1-ஐத் தவிர) இல்லாமல் தனித்து நிற்குமா? நிற்கும். காரணம்: இரண்டு எண்களுக்குப் பொதுவான காரணி அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். இங்கே வித்தியாசம் 4-ஐ மீறாது. ஆகவே பொதுப் பகாக் காரணி 2 அல்லது 3-தான். ஐந்தில் அடுத்தடுத்த இரண்டு ஒற்றை எண்களேனும் இருக்கும். அவற்றின் வித்தியாசம் 2 என்பதால் இரண்டுமே 3-ஆல் வகுபட முடியாது. வகுபடாத அந்த ஒற்றை எண்ணே நாம் தேடும் தனியன்.

ஐந்துக்குச் சரி, பத்துக்கு? பன்னிரண்டுக்கு? பதினாறு எண்கள் வரை எங்கே தொடங்கினாலும் இப்படி ஒரு தனியன் இருந்தே தீரும் என்று பிள்ளை நிறுவினார். பதினேழில் விதி உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களைப் பாருங்கள். இரட்டைகள் தமக்குள் 2-ஐப் பகிர்ந்துகொள்ளும். ஒற்றைகளில் 2187, 2193, 2199 ஆகியவை 3-ஆல் இணைந்தவை. 2185-ம் 2195-ம் 5-ஆல் இணைந்தவை. 2189-ஐ 11 வகுக்கும், 2200-ஐயும் வகுக்கும். 2191-ஐ 7 வகுக்கும், 2184-ஐயும் வகுக்கும். 2197 என்பது 13-இன் கனம். 2184-ம் 13-இன் மடங்கு. ஒருவரும் தனித்து நிற்கவில்லை! பதினேழும் அதற்கு மேலும் எந்த எண்ணிக்கையை எடுத்தாலும் இப்படிப்பட்ட கூட்டம் உண்டு என்பது பிள்ளையின் ஊகம். 430 வரை அவரே காட்டினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து பிரௌவர் 1941-இல் நிறுவினார்.

இன்னொரு விளையாட்டும் அவர் விட்டுச் சென்றிருக்கிறார். 1 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் 6-க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணியை எழுதிக் கூட்டுங்கள்: 1, 2, 3, 2, 1, 6, கூட்டுத்தொகை 15. இதே போல 2-க்குச் செய்தால் 3. 3-க்குச் செய்தால் 5. மூன்றும் ஐந்தும் பெருக்கினால் பதினைந்து! இது தற்செயல் அல்ல; பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்களுக்கும் இது பொருந்தும். 1933-இல் அவர் ஆராய்ந்த இந்தச் சார்பு இன்று 'பிள்ளை சார்பு' என்றே வழங்குகிறது. பகா எண்களுக்கு இதன் மதிப்பு என்னவாக இருக்கும் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிட வேலை.

படிகளுக்கு நடுவே

மேலே சொன்ன பதினேழு எண்களின் பட்டியலுக்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. 2197 என்பது 13-இன் கனம் என்று பார்த்தோம். 2187 என்பது 3-இன் ஏழாம் படி. சற்று முன் நிபந்தனையைச் சோதித்தபோது 128-ஆல் வகுத்தோமே, அதே எண்தான். இரண்டு படி எண்கள், இவ்வளவு அருகில், வித்தியாசம் 10.

படி எண்கள் இவ்வாறு நெருங்கி வருவது பற்றி பிள்ளை 1931-லிருந்தே சிந்தித்து வந்தார். வர்க்கம், கனம், நாற்படி என எந்தப் படியாயினும் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128... முன்னே செல்லச் செல்ல இடைவெளி விரிகிறது. ஆனால் ஒழுங்காக விரியவில்லை. 121-க்குப் பின் 125, 128 என்று திடீரென நெருங்குகின்றன. 8-ம் 9-ம் போல ஒன்றே வித்தியாசமுள்ள வேறு சோடி இல்லை என்று கட்டலான் 1844-இல் ஊகித்தார். வித்தியாசம் 7 ஆனால்? சென்னையிலிருந்தபோது இராமானுஜன் 1913-இல் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுப்பிய கேள்வியொன்று இதைத் தொட்டது: ஒரு வர்க்கத்தோடு 7-ஐக் கூட்ட 2-இன் படி கிடைப்பது எப்போது? 1, 9, 25, 121 ஆகியவற்றுக்குப் பின் நெடுந்தூரம் சென்று 181-இன் வர்க்கமாகிய 32761-இல் மீண்டும் ஒருமுறை நிகழ்கிறது. 7-ஐக் கூட்டினால் 32768, அதாவது 2-இன் பதினைந்தாம் படி. அதற்கப்பால் இல்லை என்று நாகெல் 1948-இல் நிறுவினார்.

பிள்ளை இவற்றையெல்லாம் ஒரே கூற்றில் அடக்கினார். எந்த வித்தியாசத்தை நீங்கள் சொன்னாலும் சரி, அந்த வித்தியாசம் கொண்ட படி எண் சோடிகள் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என்பது அவர் ஊகம். அலிகாரில் நடந்த இந்தியக் கணிதச் சங்க மாநாட்டில் அதை முதலில் கூறி, 1945-இல் அச்சில் ஏற்றினார். அப்போது அவர் கல்கத்தாவில் இருந்தார். 1941-இல் சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் சென்றவரை, அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைத் தலைவர் லெவி அழைத்துக்கொண்டார். லெவி, ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியில் பதவி இழந்து இந்தியாவுக்கு வந்த யூதர்.

1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் பிள்ளையை ஓராண்டுக்கு வரும்படி அழைத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 30-இல் ஹார்வர்டில் தொடங்கும் உலகக் கணித மாநாட்டுக்கும் செல்ல வேண்டியிருந்தது. பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாக நியூயார்க் செல்லும் விமானத்தில் அவர் புறப்பட்டார். ஆகஸ்ட் 31-ஆம் நாள் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் அந்த விமானம் எகிப்திய மண்ணில் விழுந்தது. இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது வயது 49.

அவர் மறைந்தபோது வேரிங்கின் பட்டியலில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன: ஐந்தாம் படியும் நாற்படியும். ஐந்தாம் படிக்கு 37 என்று சீனத்தின் சென் ஜிங்ருன் 1964-இல் நிறுவினார். நாற்படிக்கு 19 என்று வேரிங் சொன்னது சரியே என்பது 1986-இல் முடிவாயிற்று. பிரெஞ்சு அறிஞர்களாகிய தெசூயே, திரெஸ் ஆகியோருடன் சேர்ந்து அதைச் செய்தவர் ஆர். பாலசுப்பிரமணியன்; பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இதே பாலசுப்பிரமணியன், தங்கதுரை என்னும் மற்றோர் எண் கோட்பாட்டறிஞருடன் சேர்ந்து பிள்ளையின் ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்தார். இரண்டு தொகுதிகளாக இராமானுஜன் கணிதச் சங்கம் 2010-இல் வெளியிட்டது. பிள்ளை மறைந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு தாமதம் நமக்குப் பெருமை தருவதன்று. வந்தது வரை நல்லது.

கட்டலானின் ஊகத்தை மிகைலெஸ்கு 2002-இல் நிறுவினார். 8-க்கும் 9-க்கும் இணையான சோடி வேறில்லை. ஒன்று என்ற வித்தியாசத்தோடு அந்த வெற்றி நின்றுவிட்டது. இரண்டு முதற்கொண்டு மற்ற எல்லா வித்தியாசங்களுக்கும் பிள்ளையின் ஊகம் இன்னும் திறந்தே கிடக்கிறது. 2-க்கு 25, 27 என்ற சோடி உண்டு. 3-க்கு 125, 128. 4-க்கு 32, 36. மேலும் 121, 125. 5-க்கு 27, 32. 6 மட்டும் வித்தியாசமாக உள்ள இரண்டு படி எண்களை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. அப்படி இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை.